நாடாவுக்கு மேலே நாலு விரற்கடை

தென்காசியில் பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவள். வேறு எதற்கும் அவள் லாயக்கில்லை என்று ஊரே கூடி முடிவு செய்து வைத்திருக்கிறது. நான் குடல் அறுவை சிகிச்சை செய்கிறவள். அதிலும் பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய். படித்து முடித்து இந்த ஊருக்கே திரும்பி வந்து இருபது வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் வாரத்துக்கு ஒருவராவது கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, என் முதுகுக்குப் பின்னால் வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பள டாக்டர் இல்லியா?" என்று கேட்கிறார்.

"இருக்காரே, அடுத்த ரூம்ல. கண் டாக்டரு. அவர்ட்ட காட்டுதியளா?" என்பேன்.

அதற்கு மேல் பேச்சிருக்காது. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். ஆறு மாதமாக ரத்தம் போகிறது என்பார்கள். ஆறு மாதமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால், வெட்கமாக இருந்தது என்பார்கள். வெட்கம்! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்த ஒற்றை வார்த்தைக்காக எத்தனை பேரைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாமல் அப்படியே மூடித் தைத்திருக்கிறேன் தெரியுமா?

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? என் அம்மா இன்றுவரை சொந்தக்காரர்களிடம் என்னை "வயித்து டாக்டர்" என்றுதான் சொல்கிறாள். குடலைக்கூட வாயால் சொல்ல மாட்டாள், அதற்குக் கீழே கேட்கவே வேண்டாம். நான் இந்தப் படிப்பை எடுத்தபோது என் மாமனார், "ஏம்மா, படிக்கதுக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்றார். கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார யாருக்கும் மனசு வராது. ஆனால் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனால் போதும், குழாயடியில் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். "மைனி, மூணு நாளா வெளிக்குப் போகல" என்று காதோடு சொல்வார்கள். ஈரக் கையோடு நின்று அங்கேயே மருந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இந்த ஊரில் எந்த ஆபரேஷன் செய்துகொண்டவரானாலும், வீட்டுக்குப் போகும்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "குத்தாலத்துல குளிக்கலாமா?" நோய் முழுக்கப் போய்விட்டதா, திரும்ப வருமா, என்ன சாப்பிடலாம், எதுவும் கேட்க மாட்டார்கள். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தையல் பிரிக்கும் முன்பே கேட்பார்கள். முதலில் கோபம் வரும். இப்போது நானே முந்திக்கொண்டு, "ஒரு மாசம் கழிச்சு, ஐந்தருவில ஓரமா நின்னு குளிங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். சொல்லிச் சிரித்துவிடலாம். சிரிக்க முடியாத ஒரு கோபம் உள்ளே கிடக்கிறது. அதில் ஒரு பங்கு ஒரு போலீஸ்காரர் மேல், ஒரு பங்கு எனக்குப் பாடம் நடத்தியவர்கள் மேல், மிச்சமெல்லாம் என் மேல்.

அதைச் சொல்லும் முன்பு என் தொழிலில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மலக்குடலின் கடைசிப் பகுதியில் புற்று வந்தால், சிலருக்கு ஆசனவாயையும் சேர்த்தே எடுக்க வேண்டிவரும். அப்புறம் மலம் போக வழி? குடலின் நுனியை வயிற்றின் இடது பக்கம் ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவோம். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். மலம் அதில் வந்து விழும். ஆயுசு முழுக்க அப்படித்தான். அந்தத் துளையை எங்கே போடுவது என்று ஆபரேஷனுக்கு முந்தின நாளே மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். நோயாளியை உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, அவர் துணி கட்டும் இடம் எது, வயிறு மடியும் இடம் எது என்று பார்த்து வைக்க வேண்டும். கால் மணி நேர வேலைதான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு நோயாளிக்குத் தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஓர் அக்காவைப் பற்றி. சுந்தரபாண்டியபுரத்துக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். சொந்த வயல், நெல்லும் போடுவார்கள், மழைக்காலத்துக்கு முன்னால் சூரியகாந்தியும் போடுவார்கள். முதல் தடவை என் அறைக்கு வந்தபோது தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பூ பூத்ததும் காரில் வந்து இறங்கிப் போட்டோ எடுக்கிறவர்களைத்தான் திட்டித் தீர்த்தாள்.

"வாராளுவ டாக்டரம்மா, நல்லாச் சீவிச் சிங்காரிச்சுட்டு. வரப்புல நின்னு எடுத்துட்டுப் போனா என்ன? உள்ள எறங்கி நடுவுல நின்னாத்தான் படம் வருமாம்! பாத்திய மிதிச்சே கொன்னுட்டாளுவ. நான் ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, ஒருத்தி செருப்ப விட்டுட்டே ஓடிட்டா."

அந்தச் செருப்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "வேலில மாட்டி வச்சிருக்கேன், வந்து எடுக்கட்டும்" என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. அவளைக் கட்டிலில் படுக்கவைத்து விரலால் பரிசோதித்தபோது என் சிரிப்பு நின்றது. ஆசனவாயை ஒட்டினாற்போலக் கல் மாதிரி ஒரு கட்டி.

கூட வந்தவர்கள் அவள் புருஷனும் மூத்த மகனும். புருஷன் வாய் திறக்காத மனுஷன். எதைக் கேட்டாலும் மகன் முகத்தைப் பார்ப்பார். மகன் போலீசில் சப் இன்ஸ்பெக்டர். மடிப்புக் கலையாத சட்டை, பணிவான பேச்சு. சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்த ரிப்போர்ட் வந்த அன்று, "மேடம், ஒரு நிமிஷம்" என்று என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

எங்கள் பக்கம் இது ஒரு சடங்கு. ரிப்போர்ட் வந்ததும் வீட்டு ஆம்பளை ஒருவர் டாக்டரை வராந்தாவுக்குக் கூப்பிடுவார். சீட்டில் பெயர் நோயாளியுடையது, கட்டி நோயாளியுடையது, ஆனால் ரிப்போர்ட் மட்டும் மகன் சட்டைப் பையிலோ மச்சான் சட்டைப் பையிலோ இருக்கும். நோயாளி உள்ளே விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே அவர் உயிரைப் பற்றிப் பேச்சு நடக்கும். ஆம்பளை நோயாளி என்றாலாவது சண்டை போட்டுத் தெரிந்துகொள்வார். பொம்பளை என்றால் அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று கூடிப் பேசுவதற்குப் பெரியப்பா, சித்தப்பா வரை வந்துவிடுவார்கள்.

"அம்மாட்ட மூலம்னுதான் சொல்லிருக்கோம் மேடம். கேன்சர்னு தெரிஞ்சா அன்னைக்கே பாதி உசுரு போயிரும். தங்கச்சிக்குக் கல்யாணம் வேற பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவே கூடாது."

முதலில் ஐந்து வாரம் கரண்ட் வைக்க வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அதுதான் பெயர். அதையும் மூலத்துக்கு என்றே சொல்லி வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். முடித்துவிட்டுச் சில வாரம் கழித்து என்னிடம் ஆபரேஷனுக்கு வந்தார்கள். அவள் இளைத்திருந்தாள். ஆனால் வாய் குறையவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரியின் புருஷனுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். மகன் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"தம்பி, பையைப் பத்தி அம்மாட்ட இன்னைக்காவது சொல்லணும். உக்கார வச்சு மார்க் பண்ணணும்."

"ஆபரேஷன் முடியட்டும் மேடம், பெறகு மெதுவாச் சொல்லிக்கிடுதோம். இப்பச் சொன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாங்க. எங்கம்மாவ உங்களுக்குத் தெரியாது."

"சொல்லாம எப்பிடி மார்க் பண்ண?"

"மயக்கம் குடுத்தபெறகு பண்ணிருங்களேன் மேடம். பிளீஸ். எங்கம்மா எனக்கு வேணும்."

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய ஆள், பேன்ட் பாக்கெட்டில் கர்சீப் தேடி அழுதபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நாளைக்கு அவள் எழுந்து போய்விட்டால் கட்டி வளரும், மூன்று மாதத்தில் என்னிடமே முற்றிப்போய் வருவாள், அது நான் பார்த்துப் பார்த்துச் சலித்த கதை. சரி என்று தலையாட்டினேன். சம்மதப் படிவத்தில் மகன் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கை இருந்தது, பள்ளிக்கூடம் போனவள், கையெழுத்தும் வரும். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறைய வேண்டும்போல இருக்கிறது.

மறுநாள் மேஜைமேல் மல்லாந்து கிடந்தாள். மல்லாந்து கிடந்தால் எல்லார் வயிறும் பலகைபோலத்தான் இருக்கும். நான் படித்த பாடத்தில் ஒரு படம் உண்டு: ஜட்டி போட்ட ஒரு வெள்ளைக்காரன் வயிறு, அதில் தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி. பெல்ட் கட்டும் இடத்தைத் தவிர்க்கவும் என்று கீழே எழுதியிருக்கும். எனக்கு நடத்தியவர்கள் எல்லாருமே பேன்ட் போட்ட ஆம்பளைகள். பெல்ட்டுக்குக் கீழே வையுங்கள் என்றார்கள், நானும் அத்தனை வருஷமும் பெல்ட் கட்டாத வயிறுகளில் பெல்ட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை நானும் சேலைதான் கட்டிக்கொண்டு வந்தேன். பாவாடை நாடாவை இறுக்கி முடிந்துதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். தியேட்டரில் அதை அவிழ்த்து வைத்துவிட்டுப் பச்சை உடுப்பு மாட்டியபோது, புத்தியையும் கூடவே அவிழ்த்து வைத்திருக்கிறேன். படத்தில் இருந்த இடத்திலேயே புள்ளி வைத்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டி முழுக்க வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவளே போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். நான் போனபோது பையைத் தொடாமல், அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"டாக்டரம்மா, இத எப்ப எடுப்பிய?"

"எடுக்க முடியாதுக்கா. இனிமே இது வழியாத்தான் வெளிக்குப் போகும்."

மகனைப் பார்த்தாள். மகன் ஜன்னலைப் பார்த்தார். கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் வார்டில் ஓர் ஆயாம்மா உண்டு. அச்சன்புதூர்க்காரி. படிப்பு கிடையாது, வாய் நிறைய உண்டு. வீட்டுக்கு அனுப்புகிற அன்று அக்காவுக்குப் பை மாற்றிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. நாடா முடியுத எடத்துலல்லா ஓட்டை போட்டிருக்கிய? இந்தம்மா சேலை எங்கன கட்டும்?"

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் என்ன செய்வேன்? கத்துவேன். என் குணம் அது. "உயிர் பொழச்சு வீட்டுக்குப் போறாங்க. இப்ப சேலையா முக்கியம்? போய் வேலையப் பாரு" என்றேன். வார்டே கேட்கும்படிச் சொன்னேன். அக்காவும் கேட்டிருப்பாள். ஆயாம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் மாதாமாதம் காட்ட வந்தாள். ஒவ்வொரு தடவையும் நைட்டி, மேலே ஒரு துண்டு. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசிக்கு, பட்டப்பகலில், நைட்டி போட்டுக்கொண்டு பஸ் ஏற மாட்டாள் என்பதால் ஆட்டோ. எங்கள் பக்கத்தில் அந்த வயசுப் பொம்பளை நைட்டியோடு வாசலுக்கு வந்தாலே துண்டு போடுவாள், அதோடு அவள் ஊர்விட்டு ஊர் வந்தாள். நான் தழும்பைப் பார்த்தேன், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தேன். நன்றாக ஆறியிருக்கிறது என்று எழுதினேன். ஏன் அக்கா சேலை கட்டவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பூவைப் பற்றியும், போட்டோ எடுக்க வருகிறவர்களைப் பற்றியும் அவளும் பேசவில்லை. சோறு இறங்குகிறதா என்று கேட்டால், "கொஞ்சமாத் திங்கேன். தின்னாத்தான இது ரொம்பும்" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மகள் கல்யாணத்துக்கு என் அறைக்கு வந்து பத்திரிகை வைத்தார்கள். மகளே வந்திருந்தாள். "கட்டாயம் வரணும் டாக்டரம்மா, அம்மா எந்திரிச்சு நடமாடுததுக்கு நீங்கதான் காரணம்" என்றாள். சந்தோஷமாகவே போனேன். தென்காசியில்தான் மண்டபம். காலை முகூர்த்தம். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு பெண் நின்றாள். மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கிறபோது அம்மாதான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். செம்பு அந்தப் பெண் கையில் இருந்தது.

பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "பொண்ணோட அம்மாக்குப் பிரஷராம், மயக்கம் வந்துட்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். மேடையிலிருந்து மகளும் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் கண்ணாலேயே மாடியைக் காட்டினாள்.

மாடியில் மணமகள் அறை. தட்டியதும் திறக்கவில்லை. நான்தான் என்று சொன்ன பிறகு தாழ் விலகியது. ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் நாற்றம் முகத்தில் வந்து அடித்தது. அக்கா பாவாடையும் ரவிக்கையுமாக நின்றாள். தலை நிறையப் பூ. மஞ்சள் பூசிய முகம். தரையில் அரக்குக் கலர் பட்டுச் சேலை சுருண்டு கிடந்தது, கொசுவம் வைத்த இடமெல்லாம் கறை.

"மூணு தடவ கட்டுனேன் டாக்டரம்மா. காலைலேந்து பச்சத் தண்ணி குடிக்கல. நேத்தும் திங்கல. நாடாவ முடிஞ்சா பை மடங்கிருது. தளத்திக் கட்டுனா சேலை நிக்க மாட்டேங்கு. மேடைல ஏறப் போனேன், படி ஏறயிலயே பிஞ்சிட்டு."

நாடாவை நானே அவிழ்த்தேன். அது பதிந்த தடம் பையின் குறுக்கே சரியாக நடுவில் ஓடியது, அளந்து வைத்தமாதிரி. அளந்து வைத்ததுதானே. நானே வைத்தது. அந்த அறையில் இருந்த துண்டையெல்லாம் நனைத்து அவளைத் துடைத்தேன். கைப்பையில் மாற்றுப் பை வைத்திருந்தாள், ஒட்டினேன்.

கீழே கெட்டிமேளம் முழங்கியது.

அவள் கைகூப்பினாள். சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "கட்டிட்டான்போல" என்றாள். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிடாமல்தான் போனேன். பந்தியில் யார் முகத்தைப் பார்த்து உட்காருவது?

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு அலமாரியைத் திறந்து ஒரு சேலையை எடுத்துக் கட்டினேன். நாடா முடிந்த இடத்தில் விரலை வைத்தேன். சேலையை அவிழ்த்துவிட்டு, படத்தில் இருந்தபடி தொப்புளுக்கும் எலும்புக்கும் நடுவே என் வயிற்றில் பேனாவால் புள்ளி வைத்தேன். நாடாத் தடத்தின்மேலேயே விழுந்தது. என் வயிற்றிலேயே பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு வெள்ளைக்காரன் படம் வேண்டியிருந்ததா? ஆயாம்மாவுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? தெரியவில்லை என்று சொல்வதும் பொய். அவள் சொன்ன நிமிஷமே தெரிந்தது. ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை.

மறுநாள் ஆயாம்மாவிடம் போய், அன்றைக்கு அவள் சொன்னதுதான் சரி, கத்தியது என் தப்பு என்று சொன்னேன். "அட விடுங்க டாக்டரம்மா, சவத்த" என்றாள். "அந்தம்மாவுக்கு எதும் செய்ய முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும். பழைய துளையை மூடிவிட்டுக் குடலை மேலே வேறு இடத்தில் கொண்டுவந்து வைக்கலாம். இன்னொரு ஆபரேஷன், இன்னொரு மயக்கம், இன்னொரு தழும்பு. நானே மகனுக்குப் போன் செய்தேன். முதலில் தயங்கினார். "கல்யாணம்தான் முடிஞ்சிட்டே மேடம், இனிமே அவங்க வீட்லதான இருக்கப்போறாங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை உடைத்திருப்பேன்.

"உங்கம்மா வீட்ல இருக்கதுக்கா நான் உசுரக் காப்பாத்துனேன்? நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க. வரும்போது அந்தப் பட்டுச் சேலையும் கொண்டுவரச் சொல்லுங்க" என்றேன்.

வந்தார்கள். வழக்கம்போல, "மேடம், ஒரு நிமிஷம்" என்று மகன் வராந்தாவைக் காட்டினார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "எதுன்னாலும் இங்கனயே பேசுங்க, உங்கம்மா முன்னாடி" என்றேன். சம்மதப் படிவத்தை மேஜையில் வைத்ததும் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்தார். படிவத்தை அவர் கைக்கடியிலிருந்து உருவி அக்கா முன்னால் வைத்தேன். அவள் எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள். பத்து நிமிஷம் ஆனது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தையையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"அக்கா, ஒங்களுக்கு வந்தது மூலமில்ல. கேன்சர். அன்னைக்கே ஒங்கட்ட சொல்லிருக்கணும். நீங்க தாங்கமாட்டியன்னு..."

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள்.

மகன் நிமிர்ந்தார்.

"கரண்டு வைக்க எடத்துல வரிசையா உக்காந்திருந்தோம். மொத நாளே பக்கத்துல இருந்தவ, 'ஒங்களுக்கு எங்கன கட்டி?'ன்னு கேட்டுட்டா. நெஞ்சுல வந்தவ, தொண்டைல வந்தவ, எல்லாவளும் அங்கனதான் இருந்தா. மூலத்துக்கு யாரு கரண்டு வைக்கா? வீட்டுக்கு வந்து பாத்தா இவன் மூலம் மூலம்னு சொல்லிட்டுத் திரியுதான். முகம் செத்துக் கெடக்கு. சரி, பய பயந்துபோயிட்டான், கல்யாணம் முடியட்டும்னு நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

மகன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா..." என்று ஏதோ சொல்ல வந்தார். "எந்திலே, வெளிய நில்லு, சேலை மாத்தணும்" என்றாள். அந்தப் பழைய சத்தம் அவள் தொண்டையில் அப்போதுதான் திரும்பக் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டு ஆயாம்மாவைக் கூப்பிட்டேன். கறை முழுக்கப் போகவில்லை, அதை உள்மடிப்பில் வைத்து, கொசுவத்தை நீவி, அக்கா அந்தப் பட்டைக் கட்டினாள். மகள் கல்யாணத்தில் எப்படி நிற்க ஆசைப்பட்டாளோ அப்படிக் கட்டினாள். உட்காரச் சொன்னேன். குந்தவைத்து உட்காரச் சொன்னேன். நாற்று நடுகிற மாதிரி குனியச் சொன்னேன். செம்பைச் சரித்துத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நிற்கச் சொன்னேனா என்றால், இல்லை, அதை அவளே நின்று பார்த்தாள். ஆயாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூடியைக் கழற்றி மார்க்கர் பேனாவை அவள் கையிலேயே கொடுத்தேன். முந்தானையை விலக்கி, நாடாவுக்கு மேலே வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "இங்கன" என்று தானே புள்ளி வைத்தாள்.

"இந்தப் பேனாவ அன்னைக்கே குடுத்திருந்தியன்னா, எம் மவளுக்கு நானே தண்ணி ஊத்திருப்பேன்லா டாக்டரம்மா?"

அவள் வைத்த புள்ளிக்கும் நான் போட்ட துளைக்கும் நடுவே என் கையை வைத்து அளந்தேன். நாலு விரற்கடை.